பட்டத்தைத் துறந்த பிரபு: கார்ல் டிரைஸ்

தொலைபேசி என்றவுடன் கிரகாம் பெல் நினைவுக்கு வருகிறார். வானொலி என்றவுடன் மார்க்கோனி வருகிறார். ஆனால் நம் கல்லூரி வளாகத்தில் வரிசை வரிசையாகச் சாத்தி வைக்கப்பட்டிருக்கும் மிதிவண்டிக்கு மூலவர் யார் என்று கேட்டால் நம்மில் பலர் விழிக்கிறோம். என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். டன்லப் என்றார் ஒருவர். டன்லப் கண்டது காற்றடைத்த டயர். அதுவும் 1888-ஆம் ஆண்டில். ஹெர்குலிஸ் என்றார் இன்னொருவர்! அது கம்பெனியின் பெயரே அன்றிக் கண்டுபிடித்தவரின் பெயர் அன்று. விடையைச் சொன்னபோது அப்பெயரைக் கேள்விப்பட்டவர் ஒருவர்கூட இல்லை.

அவர் பெயர் கார்ல் டிரைஸ். ஜெர்மனியைச் சேர்ந்தவர். ஜெர்மானியர் என்றால் நம் மாவட்டத்தாருக்குத் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்குதான் நினைவுக்கு வருவார். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்தவர் டிரைஸ். பிறப்பால் பிரபு, தொழிலால் வன அதிகாரி, இறக்கும்போது பரம ஏழை. இவரைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கியபோது என் கண்ணில் முதலில் பட்டவை எல்லாம் கேலிக் கதைகளே. கோமாளி என்கிறார்கள், குடிகாரர் என்கிறார்கள், புத்தி பேதலித்தவர் என்கிறார்கள். உலகத்தாரின் காலடியில் இரண்டு சக்கரங்களைப் பூட்டிய ஒருவருக்கு இந்தப் பட்டங்கள் எப்படி வந்தன? வரலாறு படிக்கும் மாணவருக்கு அவரது பொறியைவிட இந்தக் கேள்வியே பெரிதாகத் தோன்றுகிறது.

1785-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் பாடன் நாட்டின் தலைநகரான கார்ல்ஸ்ரூவில் டிரைஸ் பிறந்தார். அன்று ஜெர்மனி ஒரே நாடு அன்று. பல சிற்றரசுகளாகச் சிதறிக் கிடந்தது. அவற்றுள் ரைன் நதிக்கரையில் அமைந்தது பாடன். நம் தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் நூல்களைத் தேடித் தேடிச் சேர்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் டிரைஸ் தம் பொறிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துகொண்டிருந்தார். அவருடைய தந்தை பாடன் நாட்டின் தலைமை நீதிபதியாக உயர்ந்தவர். நாட்டை ஆண்ட மன்னரே குழந்தைக்கு ஞானத்தந்தை. இப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவருக்கு வாழ்க்கையில் குறை என்ன இருக்கப்போகிறது!

தந்தைவழி உறவினர் ஒருவர் பிஃபோர்ட்ஸ்ஹைம் என்னும் ஊரில் நடத்திய வனக்கலைப் பள்ளியில் டிரைஸ் பயின்றார். பிறகு 1803 முதல் 1805 வரை ஹைடெல்பர்க் பல்கலைக்கழகத்தில் கணிதம், இயற்பியல், கட்டடக்கலை ஆகியவற்றைப் படித்தார். படிப்பு முடிந்ததும் வனத்துறையில் வேலை கிடைத்தது. 1810-இல் வன அதிகாரி பதவியும் வந்தது. ஆயினும் மரங்களை எண்ணுவதில் அவர் மனம் நிற்கவில்லை. 1811-இல் சம்பளத்தோடு விடுப்புப் பெற்று மான்ஹைம் நகருக்கு வந்து பொறிகள் செய்வதிலேயே முழுகிவிட்டார். இவ்வளவு சலுகை ஒரு சாதாரண எழுத்தர் மகனுக்குக் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. பின்னாளில் அவரைக் கவிழ்த்ததும் இந்தப் பிறப்புரிமைதான்.

1813-இல் அவர் செய்த முதல் வண்டி நான்கு சக்கரம் கொண்டது. குதிரை இல்லாமல், உள்ளே அமர்ந்தவர் காலால் மிதித்து ஓட்டுவது. நெப்போலியனின் போர்கள் நடந்த காலம் அது. போரில் குதிரைக்கும் தீவனத்துக்கும் தட்டுப்பாடு வரும், அப்போது இவ்வண்டி பயன்படும் என்பது அவர் வாதம். அதற்கு உரிமம் கிடைக்கவில்லை. 1814-இல் வியன்னா மாநாட்டுக்குக் கூடிய மன்னர்களிடமும் அமைச்சர்களிடமும் கொண்டுபோய்க் காட்டினார். வேடிக்கை பார்த்தார்களே தவிர யாரும் வாங்கவில்லை.

1815 ஏப்ரலில் இன்றைய இந்தோனேசியாவிலுள்ள தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசு வானில் பரவி வெயிலை மறைத்ததால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. 1816-ஐக் கோடையில்லா ஆண்டு என்றே வரலாற்றில் குறிக்கிறார்கள். பயிர் விளையவில்லை, ஓட்ஸ் தானியத்தின் விலை ஏறியது, குதிரைக்குப் போடத் தீனி இல்லை. இப்பஞ்சமே இரு சக்கர வண்டிக்கு வித்திட்டது என்பது டிரைஸின் வாழ்க்கையை ஆராய்ந்த ஹான்ஸ்-எர்ஹார்ட் லெஸ்ஸிங் என்னும் அறிஞரின் கருத்து. கருத்து அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பஞ்சத்துக்கு மூன்றாண்டு முன்பே டிரைஸ் குதிரையில்லா வண்டியைச் செய்துவிட்டாரே! ஆகையால் எரிமலை அவரை விரைவுபடுத்தியிருக்கலாம். எண்ணம் அதற்கு முன்பே அவருள் இருந்தது என்றே நான் கொள்கிறேன். ஆற்றில் தண்ணீர் வராத ஆண்டில் மாடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிடும் குடியானவர்களைக் கண்ட நமக்குத் தீனியில்லாக் குதிரையின் கதையை விளக்கவேண்டியதில்லை.

1817-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள். இத்தேதியைப் படித்தபோது எனக்குச் சற்று வியப்பாக இருந்தது. நம் பகுதியில் ஜூன் 12 என்றால் மேட்டூர் அணை; குறுவைக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள். அதே ஜூன் 12-இல்தான், மேட்டூர் அணை கட்டி முடிக்கப்படுவதற்கு 117 ஆண்டுகளுக்கு முன்பு, டிரைஸ் தமது புதிய பொறியில் ஏறி மான்ஹைம் நகரிலிருந்து ஷ்வெட்ஸிங்கன் சாலையில் புறப்பட்டார். குதிரை மாற்றும் சத்திரம் வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர் போய், அங்கிருந்து திரும்பினார். போகவும் வரவும் ஆன நேரம் ஒரு மணிக்குள். அஞ்சல் வண்டிக் கணக்கில் அது நான்கு மணி நேரத் தொலைவு.

அந்தப் பொறி எப்படி இருந்தது? மிதி கிடையாது; சங்கிலி கிடையாது; டயர் கிடையாது. மரச் சட்டம் ஒன்று. அதன் முன்னும் பின்னும் ஒரே நேர்கோட்டில் இரண்டு மரச் சக்கரங்கள். சக்கரங்களுக்கு மாட்டுவண்டிக்குப் போடுவது போல இரும்புப் பட்டை. அச்சு சுழலும் இடத்தில் பித்தளைக் குழல். நடுவில் தோல் மெத்தை இருக்கை. முன்னே கைகளை ஊன்றிக்கொள்ள ஒரு பலகை, முன்சக்கரத்தைத் திருப்ப ஒரு தண்டு. பின்சக்கரத்துக்குக் கயிற்றால் இழுக்கும் பிரேக்கும் உண்டு. எடை சுமார் 22 கிலோ. நம் பழைய கறுப்பு சைக்கிளின் எடைதான்! ஓட்டுபவர் இருக்கையில் அமர்ந்து, இரண்டு கால்களாலும் மாறி மாறித் தரையை உந்தித் தள்ளிக்கொண்டு போகவேண்டும். டிரைஸ் இதற்கு இட்ட பெயர் ஓடும் பொறி. மக்கள் அவர் பெயராலேயே டிரைசீன் என்றார்கள்.

மிதி இல்லாத வண்டியை மிதிவண்டி என்று எப்படிச் சொல்வது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சைக்கிள் பழகிய அனைவரும் தம் முதல் நாளை நினைத்துப் பார்க்கவேண்டும். அன்று நமக்கு மிதிப்பதா கடினமாக இருந்தது? விழாமல் இருப்பதுதானே! சாய்கிற பக்கமே ஹாண்டில்பாரைத் திருப்பு என்று பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவர் கத்தினாரே, அந்த ஒரு விதியில்தான் மிதிவண்டியின் உயிர் இருக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு சக்கரங்கள் நின்றால் விழும். ஓடும்போது முன்சக்கரத்தைத் திருப்பித் திருப்பி நிலைநிறுத்தலாம். டிரைஸுக்கு முன் இதைப் பொறியாக்கிக் காட்டியவர் எவரும் இல்லை. மிதியைச் சேர்க்க மற்றவர்களுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்றாலும், அது சேர்க்கப்பட்டது ஏற்கெனவே இருந்த ஒரு வண்டியில்தான்.

மான்ஹைம் சவாரியைப் பற்றி எல்லா நூல்களும் எழுதுகின்றன. என்னை அதிகம் கவர்ந்தது சில வாரங்களில் அவர் செய்த இன்னொரு பயணம். கெர்ன்ஸ்பாக் என்பது கருங்காடு எனப்படும் மலைக்காட்டின் மடியில் முர்க் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர். அங்கிருந்து ஒரு மலையைத் தாண்டினால் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்பெற்ற பாடன் நகரம் (இன்று பாடன்-பாடன்). நடந்தால் இரண்டு மணி நேரம். செங்குத்தான அந்த மலைவழியை டிரைஸ் தம் பொறியோடு சுமார் ஒரு மணி நேரத்தில் கடந்தார். 1817 ஜூலை இறுதியில் பாடன் நகர வார இதழ் ஒன்று இச்செய்தியை வெளியிட்டது. ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போயிருப்பார். மறுபக்கச் சரிவில் கால்களைத் தூக்கிக்கொண்டு பறந்திருப்பார் என்று ஊகிக்கலாம். பின்சக்கரத்துக்கு அவர் ஏன் பிரேக் வைத்தார் என்பது அந்த மலையை நினைத்தால் விளங்குகிறது.

மலை என்பதையே சுற்றுலாவில் மட்டும் கண்ட நாம் அந்நிலத்தைக் கற்பனை செய்வது கடினம். மேலே ஊசியிலை மரங்கள் அடர்ந்த காடு. கீழே வெயில் படும் சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள். பாடன் நாடு இன்றும் திராட்சை ரசத்துக்குப் பெயர்போனது. கெர்ன்ஸ்பாக்குக்கு மேலே எபர்ஷ்டைன் கோட்டையை ஒட்டிய சரிவிலும் திராட்சை விளைகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையும் அதன் அடியில் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்களும் சேர்ந்த காட்சியைப் பார்த்தவர்கள் ஓரளவு ஊகிக்கலாம். வழியோ மண்ணும் சரளைக் கல்லும்தான். தார்ச்சாலை என்பதை உலகம் அன்று அறியாது.

இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இத்தகைய காட்டுவழிகளிலும் திராட்சைத் தோட்டப் பாதைகளிலும் சைக்கிள் ஓட்டுவது ஒரு புதிய விளையாட்டாகப் பரவியிருக்கிறது. அகன்ற டயர், வளைந்த ஹாண்டில்பார், ஏற்றத்துக்கேற்ற கியர்கள் கொண்ட அவ்வண்டிக்குக் கிராவல் பைக் என்று பெயர். இதில் புதுமை என்ன என்று டிரைஸ் கேட்டிருப்பார்! கேட்க நமக்கும் உரிமை உண்டு. பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில்தான் நான் இன்றும் வாய்க்கால் கரையோடு கல்லூரிக்கு வருகிறேன். கப்பி ரோடு முடிந்தால் களிமண் தடம். களிமண் காய்ந்தால் டிராக்டர் சக்கரம் பதிந்த பள்ளம். நெல் மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதே வழியில் போகிற பெரியவர்களுக்கு இது விளையாட்டு அன்று, பிழைப்பு.

இந்தப் பள்ளத்தைப் பற்றிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. டிரைஸின் பொறியை முதலில் வீழ்த்தியது மண் சாலையில் பதிந்த வண்டித் தடங்களே. குதிரை வண்டிகள் ஓடி ஓடிக் குழிந்த சாலையில் இரண்டு சக்கரத்தை நிலைநிறுத்துவது எளிதன்று. ஆகவே ஓட்டியவர்கள் நடைபாதையில் ஏறினார்கள். நடந்து போனவர்கள் கூச்சலிட்டார்கள். உடனே தடை வந்தது. மான்ஹைமில் தடை, 1818-இல் மிலான் நகரில் தடை, 1819-இல் லண்டனில் தடை, 1820-இல் நம் நாட்டுக் கல்கத்தாவிலும் தடை! தடை செய்யும் அளவுக்கு மூன்றே ஆண்டுகளில் அது வங்காளம் வரை வந்துவிட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். லண்டனில் டெனிஸ் ஜான்சன் என்னும் வண்டி செய்பவர் அதை மேம்படுத்தி முந்நூறுக்கும் மேற்பட்ட வண்டிகளை விற்றார். டிரைஸுக்கோ 1818 ஜனவரியில் பாடன் மன்னர் பத்தாண்டு உரிமம் கொடுத்தார். எந்திரவியல் பேராசிரியர் என்ற பட்டமும் வன அதிகாரியின் ஊதியத்தையே ஓய்வூதியமாகவும் அளித்தார். பாடன் எல்லைக்கு வெளியே அந்த உரிமத்தை எவரும் மதிக்கவில்லை. ஊர் ஊராகத் தச்சர்கள் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டார்கள்.

பொறிக்கு வந்த சோதனை இது. மனிதருக்கு வந்த சோதனை வேறு திக்கிலிருந்து வந்தது. 1819 மார்ச்சில் மான்ஹைம் நகரில் கோட்ஸெபு என்னும் நாடக ஆசிரியரைக் கார்ல் சாண்ட் என்னும் மாணவன் குத்திக் கொன்றான். மக்களின் உரிமைக்கு எதிரி என்று கருதிக் கொன்றான். ஜெர்மனி முழுவதும் மாணவர்கள் அவனை வீரனாகக் கொண்டாடினார்கள். வழக்கு பாடன் நாட்டின் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. அதன் தலைவர் டிரைஸின் தந்தை. கருணை காட்டப்படவில்லை. 1820 மே மாதம் சாண்டின் தலை வெட்டப்பட்டது. தந்தையின் மீதிருந்த சினத்தை மாணவர்கள் மகன் மீது காட்டினார்கள். போகுமிடமெல்லாம் வசை, தெருவில் தொல்லை. மகனின் மனத்தில் இருந்த அரசியல் என்ன என்று எவரும் கேட்கவில்லை. நாமும் மாணவர்களாக இருப்பதால் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கவேண்டியிருக்கிறது. சாண்டைப் போற்றியவர்கள் கேட்ட விடுதலையையும் சமத்துவத்தையும் முப்பதாண்டுக்குப் பின் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டவர்களில் ஒருவர், அவர்கள் துரத்திய அதே டிரைஸ்தான்.

1822-இல் அவர் கப்பலேறிப் பிரேசிலுக்குப் போனார். அங்கே லாங்ஸ்டோர்ஃப் என்னும் ஆராய்ச்சியாளரின் பண்ணையில் நில அளவையாளராக வேலை பார்த்து, 1827-இல் திரும்பினார். திரும்பிய பிறகும் கை சும்மா இருக்கவில்லை. எழுத்துகளை அச்சடிக்கும் விசைப் பொறியைப் போகும் முன்பே செய்திருந்தார். வந்தபின் சுருக்கெழுத்துப் பொறி ஒன்றைச் செய்தார். விறகைச் சிக்கனப்படுத்தும் அடுப்பு ஒன்றும் அவர் கண்டது. 1830-இல் தந்தை இறந்தார். அதன்பின் அவருக்கு ஆதரவாக நிற்பவர் குறைந்தார்கள், பகை குறையவில்லை. 1830-களின் இறுதியில் அவரைக் கொல்லவும் முயற்சி நடந்தது. நகரமே வேண்டாம் என்று ஓடன்வால்ட் மலைக்காட்டில் வால்ட்காட்ஸன்பாக் என்னும் சிற்றூரில் போய்க் குடியிருந்தார். அம்மலைத் தொடரின் மிக உயர்ந்த சிகரமான காட்ஸன்புக்கலின் அடியில் உள்ள ஊர் அது. பழைய வன அதிகாரி மீண்டும் காட்டுக்கே வந்து சேர்ந்தார். 1845 வரை அங்கேதான் வாழ்ந்தார்.

அங்கிருந்த காலத்தில் தண்டவாளத்தின் மேல் மனித ஆற்றலால் ஓடும் வண்டி ஒன்றையும் அவர் செய்தார். நம் மயிலாடுதுறை சந்திப்பில், தண்டவாளத்தைச் சோதிக்கும் பொறியாளர்கள் அமர்ந்திருக்க ஊழியர்கள் தள்ளிக்கொண்டு போகும் டிராலியைப் பலர் பார்த்திருக்கலாம். அத்தகைய வண்டிக்கு ஜெர்மன், பிரெஞ்சு முதலிய மொழிகளில் இன்றும் டிரைசீன் என்றே பெயர். சைக்கிளிலிருந்து அவர் பெயர் உதிர்ந்துவிட்டது, தண்டவாளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1849-இல் பாடன் நாட்டில் புரட்சி வெடித்தது. மன்னர் ஓடினார், குடியரசுக் கொடி ஏறியது. அப்போது டிரைஸுக்கு வயது 64. மன்னரை ஞானத்தந்தையாகக் கொண்ட அவர், தம் பிரபுப் பட்டத்தைத் துறந்துவிட்டதாகவும் இனித் தாம் வெறும் குடிமகன் கார்ல் டிரைஸ் என்றும் செய்தித்தாளில் அறிவித்தார். அவரை இளமைக் காலம் முழுதும் தாங்கிப் பிடித்ததே அந்தப் பட்டம்தான். கடைசிக் காலத்தில், அதுவும் வருமானம் முழுதும் அரசுக் கருவூலத்தில் இருந்து வந்துகொண்டிருந்த காலத்தில், அதைத் தூக்கி எறிவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! சில வாரங்களில் பிரஷ்யப் படைகள் வந்து புரட்சியை நசுக்கின. பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். டிரைஸை ஒழிக்க வேறு வழி கண்டார்கள். அவருக்குப் பைத்தியம் என்று அறிவித்து அடைத்துவைக்க முயன்றார்கள். அது முழுதும் கைகூடாவிட்டாலும், புரட்சியை அடக்க ஆன செலவுக்கு ஈடு என்று சொல்லி அவருடைய ஓய்வூதியத்தைப் பறித்துக்கொண்டார்கள்.

1851 டிசம்பர் 10-ஆம் நாள் கார்ல்ஸ்ரூவில், கையில் காசில்லாமல், திருமணமும் செய்துகொள்ளாத அந்த முதியவர் இறந்தார். அதே நகரில் சில தெருக்கள் தள்ளி ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் வளர்ந்துகொண்டிருந்தான். அவன்தான் பின்னாளில் மோட்டார் காரைச் செய்த கார்ல் பென்ஸ்.

கேலிக் கதைகளின் பிறப்பிடம் இப்போது தெரிகிறது. அவர் ஒரு கோமாளி, குடிகாரர், அரைப் பைத்தியம் என்ற பேச்சைப் பரப்பியவர்கள் பெரும்பாலும் அரசின் பக்கம் நின்றவர்கள். பிரபு ஒருவர் குடியானவனோடு சமமாக நிற்பேன் என்றால் அவருக்குப் புத்தி கெட்டிருக்கவேண்டும் என்பது அவர்கள் தருக்கம். அவர் கடைசிக் காலத்தில் மிகுதியாகக் குடித்தார் என்பதை மறுக்க நான் வரவில்லை. ஆனால் குடியும் வறுமையும் அவருடைய தோல்விக்குக் காரணம் என்று எழுதுபவர்கள் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைக்கிறார்கள்.

அவருக்குப் பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1860-களில் பாரிஸ் நகரில் முன்சக்கரத்தில் மிதி வைத்தார்கள். 1885-இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி, சங்கிலியால் பின்சக்கரத்தை ஓட்டும் ரோவர் வண்டியைக் கொண்டுவந்தார். டிரைஸ் வைத்தது போலவே இரண்டு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவு. மூன்றாண்டில் டன்லப்பின் டயர் வந்தது. 1949-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்தது. 1990-களின் தொடக்கத்தில் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகிக்கொண்டு தெருவில் இறங்கியதும், அவர்களையும் ஊரார் முதலில் கேலி பேசியதும் நம் அன்னையர் அறிந்த செய்தி.

ஜெர்மனியில் அவரை முதலில் நினைத்தவர்கள் அறிஞர்கள் அல்லர், சைக்கிள் ஓட்டிகள். 1891-இல் அவர்கள் பணம் திரட்டி, அவருடைய எலும்புகளைப் பழைய இடுகாட்டிலிருந்து எடுத்துக் கார்ல்ஸ்ரூவின் புதிய கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். 1893-இல் அதே நகரில் ஒரு நினைவுச் சின்னமும் எழுப்பினார்கள். ஆனால் கேலிக் கதைகள் அதன்பிறகும் நூல்களில் தொடர்ந்தன. லெஸ்ஸிங் முதலியோர் பழைய ஆவணங்களைத் தோண்டி எடுத்து, பட்டம் துறந்த செய்தியையும் ஓய்வூதியம் பறிக்கப்பட்ட செய்தியையும் விரிவாக வெளிக்கொணர்ந்ததற்குப் பிறகே பேச்சு மாறியது. 2017-இல், முதல் சவாரியின் 200-ஆம் ஆண்டு நிறைவில், ஜெர்மன் அரசு 20 யூரோ வெள்ளி நாணயம் ஒன்றை வெளியிட்டது. அதில் பொறிக்கப்பட்டிருப்பது டிரைஸின் ஓடும் பொறி.